பழஞ்சுவரின் முன் வகுப்பு: ஆப்பிரிக்காவில் கட்டட மரபுப் பயிற்சி நடத்தப் புதிதாகப் போகிறவர்களுக்கு

ஆப்பிரிக்காவில் பழங்கட்டடங்களைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஆட்களைப் பழக்கும் வேலைக்கு முதன்முறையாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் பொறியியல் படிப்போ தொல்லியல் படிப்போ இருக்கலாம். பயிற்சி நடத்திய அனுபவம் இல்லை. நான்கு வாரம், 16 பேர், ஒரே ஊர் என்ற அளவில் ஒரு முகாமை எப்படி அமைப்பது என்பதைக் கீழே தருகிறோம். எடுத்துக்காட்டாகக் கொண்ட ஊர் கென்யக் கடலோரத்தின் லாமு. பவளக்கல், சுண்ணாம்பு, கண்டல் மரம் மூன்றையும் வைத்து எழும்பிய ஊர். 2001 முதல் உலக மரபுச் சின்னம். மண்சுவர் உள்ள ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு பகுதி பின்னால் இருக்கிறது.

இந்த வேலைக்கு முன்னோடிகள் உண்டு. ரோமில் இருந்து இயங்கும் இக்ரோம் என்ற பன்னாட்டு மரபுப் பாதுகாப்பு அமைப்பு 1986-இல் அருங்காட்சியகப் பணியாளர்களுக்காக 'பிரேமா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியாகவே பெனின் நாட்டின் போர்ட்டோ-நோவோவில் 1998-இல் ஆப்பிரிக்க மரபுப் பள்ளியும், பிறகு ஆங்கிலம் பேசும் நாடுகளுக்காக மொம்பாசாவில் ஒரு மையமும் பிறந்தன. கட்டடங்களுக்கென்று தனியாக வந்தது 'ஆப்பிரிக்கா 2009'. இக்ரோம், யுனெஸ்கோ, பிரான்சின் மண் கட்டடக் கலை மையமான கிராத்தெர் ஆகியவை ஆப்பிரிக்க நிறுவனங்களோடு சேர்ந்து 1998 முதல் 2009 வரை அதை நடத்தின. அதன் வட்டாரப் பயிற்சிகள் மூன்று மாதம் ஓடின. நம் கையில் இருப்பது நான்கு வாரம்தான். ஆகவே எதை விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். விட வேண்டியது குளிர்சாதன அரங்கில் நடக்கும் உரைகளை. கோட்பாட்டுக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதையும் பிற்பகல் வெயிலில் சாரத்தில் நிற்க முடியாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆட்களைப் பொறுக்குவது

16 இடத்தில் 10 இடம் மரபுத் துறை அலுவலர்களுக்கும் நகராட்சிப் பொறியாளர்களுக்கும். 6 இடம் இளம் கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும். இதைத் தவிர மூத்த கைவினைஞர் இருவர் அல்லது மூவர் பயிற்றுநர்களாக வர வேண்டும். சுவாஹிலியில் கைத்தொழில் தெரிந்தவரை 'ஃபுண்டி' என்பார்கள். அவருக்குத் தினக்கூலி கொடுத்து, பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு வேறு விகிதத்தில் கொடுத்தால் முதல் நாளே எல்லாருக்கும் ஒரு பாடம் போய்ச் சேர்ந்துவிடும், அதுவும் தவறான பாடம். இருவருக்கும் ஒரே விகிதம் வையுங்கள்.

விண்ணப்பத்தோடு இரண்டு கேளுங்கள். ஒன்று, விண்ணப்பிப்பவர் பொறுப்பில் இருக்கும் ஒரு கட்டடத்தின் கோப்பு: பத்துப் புகைப்படம், கையால் போட்ட வரைபடம் ஒன்று, 'இதில் எது உங்களை வதைக்கிறது' என்று ஒரு பத்தி. இரண்டு, அவருடைய அலுவலகத்தின் கடிதம். விடுப்பு தருகிறோம் என்று மட்டும் எழுதினால் போதாது. திரும்பி வந்த பின் அந்தக் கட்டடத்தில் வேலை செய்ய அனுமதியும் சிறு தொகையும் தருவோம் என்று எழுதியிருக்க வேண்டும். இந்தக் கடிதம் இல்லாமல் வருகிறவர் பெரும்பாலும் சான்றிதழோடு போய் மறுபடி நாற்காலியில் உட்காருவார்.

மொழியைக் கவனியுங்கள். அலுவலர்களுக்கு ஆங்கிலம் வரும். மூத்த கொத்தருக்குத் தேவையில்லாமல் இருக்கும். மொழிபெயர்ப்பவர் கட்டட வேலை தெரிந்தவராக இருக்கட்டும். சுண்ணாம்புக்குச் சொக்கா, மண்ணுக்கு உடோங்கோ, கண்டல் மர உத்தரத்துக்கு போரிடி என்று அறுபது எழுபது சொற்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து முதல் நாளே கையில் கொடுங்கள்.

2. தேதி குறிப்பது

கென்யக் கடலோரத்தில் பெருமழை ஏப்ரல், மே மாதங்களில் உச்சம். சிறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழையில் ஊறிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால் ஜூலைக்குப் பிறகு, செப்டம்பருக்குள் வையுங்கள். லாமு பெரும்பாலும் முஸ்லிம் ஊர். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கக் கல் சுமக்கச் சொல்ல முடியாது; அந்தந்த ஆண்டு நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

3. மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சுண்ணாம்பு ஊற வேண்டும். மணல் கழுவ வேண்டும். கண்டல் கம்பு வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். நினைவுச் சின்னத்தில் கை வைக்கக் கென்யத் தேசிய அருங்காட்சியகங்களின் எழுத்து அனுமதி வேண்டும் (அங்கே நடப்பில் உள்ளது 2006-ஆம் ஆண்டின் சட்டம்). இதில் எதுவும் பயிற்சி தொடங்கிய பின் நடக்காது.

லாமுவின் சந்துகளில் லாரி நுழையாது. கல்லும் மணலும் படகில் வந்து இறங்கி, கழுதை முதுகில் வீட்டு வாசலுக்குப் போகும். எனவே பொருள் கணக்கைக் கனமீட்டரில் போட்ட கையோடு கழுதைப் பொதியிலும் போடுங்கள். ஒரு பொதியை நிறுத்துப் பார்த்து, தேவையான நடைகளை எண்ணி, கழுதைக்காரரோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் 16 பேர் மணலுக்காகக் கைகட்டி நிற்பார்கள்.

4. முதல் வாரம்: தொடாதே, பார்

முதல் ஐந்து நாள் யார் கையிலும் கரணை கொடுக்காதீர்கள். நான்கு பேருக்கு ஒரு வீடு. கொடுக்க வேண்டியது 30 மீட்டர் நாடா, தூக்குக்குண்டு, டார்ச் விளக்கு, குத்தூசி, கட்டம் போட்ட தாள்.

அளப்பதில் வரும் பிழை பெரும்பாலும் ஒன்றேதான். அறை செவ்வகம் என்று நம்பி நீளம், அகலம் மட்டும் எடுப்பது. பழைய வீட்டில் எந்த மூலையும் நேர்கோணம் இல்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் எடுக்கச் சொல்லுங்கள். சுவர் நெடுக உள்ள கதவு, மாடம், தூண் எல்லாவற்றையும் ஒரே நாடாவை ஒரு முனையிலிருந்து விரித்துத் தொடர் அளவாகக் குறிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வந்த பிழை கடைசியில் ஒரு சாண் ஆகிவிடும். வரைவது 1:50 அளவில். கைப்பேசியில் படம் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்யலாம். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஆனால் கையால் வரையாமல் அதற்குப் போகவிடாதீர்கள். கை வரையும்போதுதான் கண் விரிசலைப் பார்க்கிறது.

லாமு வீட்டின் அறை குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். காரணம் கண்டல் கம்பு. கிடைக்கும் கம்பின் நீளத்துக்கு மேல் அறையின் அகலம் போக முடியாது; ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் நின்றுவிடும். அதன் மேல் பவளக்கல் சில்லுகளும் சுண்ணாம்புக் காரையும் போட்ட தட்டைக் கூரை. இதைப் பயிலுநர்கள் தாங்களே அளந்து கண்டுபிடிக்கட்டும். ஒரு வீட்டின் மரக்கம்பு ஒரு நகரத்தின் வடிவத்தை முடிவு செய்த கதை அவர்களுக்கு மறக்காது. செல்வர் வீடுகளின் உள்ளறைச் சுவரில் வரிசை வரிசையாகச் 'சிடாக்கா' மாடங்கள், மென்காரையில் செதுக்கியவை, இருக்கும். அவற்றின் அருகே சுத்தியல் வேலை எதுவும் கூடாது.

பிறகு தட்டிப் பார்த்தல். விரல் முட்டியால் சுவரை ஒரு சாணுக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டொக்' என்றால் பூச்சு ஒட்டியிருக்கிறது. 'டப்' என்று உள்ளீடற்ற ஒலி வந்தால் விலகியிருக்கிறது. விலகிய எல்லையைச் சாக்கட்டியால் குறித்து வரைபடத்தில் ஏற்றுங்கள். உத்தரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவது புதியவர் செய்யும் பிழை. கம்பு கெடுவது சுவருக்குள் புதைந்த முனையில். அங்கே குத்தூசியை அழுத்துங்கள். வெண்ணெயில் போவது போலப் போனால் கூரை எப்போது வேண்டுமானாலும் இறங்கும், அந்த அறையைப் பூட்டிவிடுங்கள்.

விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் ஜிப்சத்தால் ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. நான்கு வாரத்தில் உடையாவிட்டால் நின்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு மழைக்காலம் கடக்க வேண்டும்.

சான்சிபார் கல் நகரத்தின் 'அதிசய மாளிகை', 1883-இல் எழும்பியது, 2020 டிசம்பர் 25 அன்று சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு பகுதி சரிந்து விழுந்தது. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. பழங்கட்டடத்தில் வேலை நடக்கும் நாட்கள்தான் ஆபத்தானவை என்பதைச் சொல்ல இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

5. நோயின் மூலம்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு குழுவும் கூரையிலிருந்து அடித்தளம் வரை நீரின் பாதையை ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் நீலக் கோடாக வரைய வேண்டும். வடிகால் வாயில் இலை அடைத்திருக்கிறதா? குளியலறை பின்னர் சேர்த்ததா? தெரு மட்டம் உயர்ந்து வாசற்படி புதைந்திருக்கிறதா? சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் அது எத்தனை உயரம் ஏறியிருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் நீலக் கோடு ஓர் அடைத்த வடிகாலில் போய் முடியும். அதைத் திறக்க ஒரு துடைப்பமும் ஏணியும் போதும். இதைச் செய்யாமல் பூச்சு வேலைக்குப் போவது ஒழுகும் குடத்துக்கு வண்ணம் அடிப்பது போல.

6. சுண்ணாம்பு

இரண்டாம், மூன்றாம் வாரம் முழுக்க இதற்கே.

கடற்கரையில் பழைய முறை, மரக்கட்டைகளை வட்டமாக அடுக்கி மேலே பவளத்தைக் குவித்து எரிப்பது. இன்று உயிருள்ள பவளத்தைத் தொடக் கூடாது. நிலத்தில் வெட்டும் பவளக்கல்லையே பயன்படுத்துங்கள். லாமுவுக்கு எதிரே உள்ள மாண்டா தீவில் கல் வெட்டுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பைத் தாளிக்க இரும்புத் தொட்டி வேண்டும், பிளாஸ்டிக் இளகிவிடும். முதலில் மூன்று பங்கு தண்ணீர், அதில் ஒரு பங்கு சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக. சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண் கண்ணாடி, கையுறை, ரப்பர் காலணி கட்டாயம். அருகிலேயே ஒரு வாளி நல்ல தண்ணீர், கண் கழுவுவதற்கென்றே. கொதிப்பு அடங்கியதும் 3 மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மூடிவைக்க வேண்டும். மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய் போல வரும். நேரமில்லை என்றால் பையில் வரும் நீர்த்த சுண்ணாம்பை ஒரு நாளாவது ஊறவைத்துப் பயன்படுத்தலாம். பை புதிதா என்று பாருங்கள்; பழையது காற்றுப் பட்டுப் பாதி செத்திருக்கும்.

கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கும். அதைத் தொடாதீர்கள். அதிலுள்ள உப்பு சுவருக்குள் போய், காயும்போது படிகமாகி, பூச்சையும் கல்லையும் உள்ளிருந்து பெயர்க்கும். முனை மழுங்காத, கழுவிய மணல் வேண்டும். சேறு உண்டா என்று அறிய ஒரு கண்ணாடிப் புட்டியில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மறுபடி கழுவுங்கள்.

கலவை விகிதத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், அளந்து அறியச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் காய்ந்த மணலை எடுத்து, மேற்பரப்பு வரை தண்ணீர் ஏறும்படி அளந்து ஊற்றுங்கள். 330 மில்லி பிடித்தால் மணலின் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு. அதை நிரப்ப ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். 400 மில்லி பிடித்தால் ஒன்றுக்கு இரண்டரை. இந்த ஒரு சோதனை தெரிந்தவர் எந்த ஊர் மணலோடும் சமாளிப்பார்.

கலக்கும்போது பயிலுநர்களில் ஒருவர் கட்டாயம் தண்ணீர் வாளியை எடுப்பார். தடுத்துவிடுங்கள். ஊறிய சுண்ணாம்பிலேயே வேண்டிய நீர் இருக்கிறது. முதலில் பொலபொலவென்று, சேரவே சேராது போலத் தெரியும். மரக்கட்டையால் இருபது நிமிடம் இடித்தால் தானாக இளகி ஒட்டும். நீர் சேர்த்த கலவை எளிதாகப் பூச வரும், மறுநாளே வலைபோல வெடிக்கும். நம்மூர்க் கொத்தனாரின் கடுக்காய், வெல்லக் கரைசலை நினைவில் வைத்து அங்கே புகுத்த வேண்டாம். அந்த ஊர்ச் சுவருக்கு அந்த ஊர்க் கைப்பக்குவம். மூத்த ஃபுண்டி எதைச் சேர்க்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரை முந்தின மாலையும் பூசுமுன்னும் நனைக்க வேண்டும். ஒரு படலம் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடுத்த படலம், முந்தியது கட்டைவிரல் நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு இறுகிய பின். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் வெயிலிலிருந்து மறையுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக மாறுகிறது. வெறுமனே காய்ந்தால் பொடியாகிவிடும். இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. பூச்சின் ஓரத்தை உடைத்துப் புதிய முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பு ஏறிய இடம் இன்னும் மாறவில்லை. நிறம் ஏறாத மேல்விளிம்பு மட்டும் கல்லாகியிருக்கிறது. பத்து நாள் ஆன பூச்சில் அந்த விளிம்பு எத்தனை மெல்லியது என்று பார்த்த பிறகு யாரும் அவசரப்படமாட்டார்கள்.

சோதனைப் பூச்சை மரபுச் சுவரில் செய்யாதீர்கள். இடிந்த மதில் ஒன்றில் ஒரு மீட்டர் சதுரமாக ஐந்து கட்டம்: 1:2, 1:3, 1:4, செங்கல் தூள் சேர்த்த 1:3, கடைசியாகச் சிமெண்ட். சிமெண்ட் வேண்டுமென்றேதான். அது கெட்டியானது, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய நீர் பக்கத்திலுள்ள மென்மையான பவளக்கல் வழியே வெளியேறும். உப்பும் அங்கேயே பூக்கும். இரண்டு மழைக்குப் பின் சிமெண்ட் நிற்கும், கல் உதிர்ந்திருக்கும். ஒரு சுவரில் ஏற்கெனவே சிமெண்ட் பூசியிருந்தால் அவசரப்பட்டு உரிக்கவும் கூடாது. கல்லின் முகமும் சேர்ந்து வரும். எங்கே 'டப்' ஒலி வருகிறதோ அங்கிருந்து சிறிய உளியால் தொடங்குங்கள்.

7. மண்சுவர் ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு

மாலியின் ஜென்னே, பெனினின் அபோமி, கானாவின் அசாந்தே வீடுகள் என்று பாடங்கள் பல. ஜென்னேயின் பெரிய பள்ளிவாசல், இன்றைய கட்டடம் 1907-இல் எழுந்தது, மழைக்கு முன் ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசும் கட்டடம். அங்கே கொத்தர் சங்கத்துக்கு 'பாரே தொன்' என்று பெயர். எந்த வீட்டுக்கு எந்தக் கொத்தர் குடும்பம் என்பது தலைமுறையாக வருவது. அவர்கள் மண்ணோடு உமியைச் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். நாற்றம் வந்தால்தான் பதம். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கம்புகள் அழகோடு சாரமாகவும் உதவுகின்றன.

மண்ணைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பிசைந்த மண்ணை 3 சென்டிமீட்டர் தடிமனில் சுருட்டுப் போல உருட்டித் தட்டையாக்கி, மேசை விளிம்பைத் தாண்டி மெல்லத் தள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் மணல் அதிகம். 15-ஐத் தாண்டியும் தொங்கினால் களி அதிகம், காயும்போது வெடிக்கும். இடையில் ஒடிந்தால் நல்லது. 4 சென்டிமீட்டர் உருண்டையை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தட்டையாகக் கூடாது, தூளாகவும் கூடாது. புட்டிச் சோதனையில் மணல் ஒரு நிமிடத்தில் படியும், களி ஒரு நாள் எடுக்கும். ஆனால் களி நீரில் ஊதிக்கொள்வதால் படலத்தின் உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்வது சுவரில் பூசிய கட்டங்கள்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் ஹர்மத்தான் காற்று வீசும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூச்சு ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். ஈரச் சாக்கு இல்லாமல் பூசாதீர்கள்.

ஆண்டுதோறும் பூசுவதிலும் ஓர் ஆபத்து. மண் படலம் மேல் படலமாகக் கூரையில் சேர்ந்தால் உத்தரம் தாங்காது. புதியது போடுமுன் பழையதை வழித்தெடுக்கப் பழக்குங்கள். புல்கூரைக்குப் பதிலாகத் தகரம் போட்ட இடங்களில் தாழ்வாரத்தின் நீட்டத்தைப் பாருங்கள். பழைய புல்கூரை சுவரைத் தாண்டி நீண்டு தாழ்ந்திருக்கும். தகரம் குட்டையாக நின்றால் மழைச் சாரல் நேராகச் சுவரின் புடைப்புச் சிற்பத்தில் அடிக்கும். அபோமி அரண்மனைகள் 1985 முதல் 2007 வரை யுனெஸ்கோவின் 'ஆபத்திலுள்ள உலக மரபு' பட்டியலில் இருந்தன. அங்கே 1993 முதல் 1997 வரை 50 புடைப்புச் சிற்பங்களைச் சீராக்கிய திட்டம் பெனின் பணியாளர்களைப் பழக்கியபடியே நடந்தது. வேலையும் வகுப்பும் ஒன்றாக ஓடிய நல்ல முன்மாதிரி அது.

சாந்தே இல்லாத கல்சுவர் வேறு பாடம். மகா சிம்பாப்வேயின் சுவர் புடைத்தால் காரை வைத்து அடைக்கக் கூடாது. நீர் உள்ளே நின்று இன்னும் தள்ளும். பிரிக்குமுன் கட்டம் கட்டிப் படம் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் அழியக்கூடிய எண் எழுதி, அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

8. யாருடைய அறிவு, யாருடைய வீடு

உகாண்டாவில், புகாண்டா அரசர்களின் கசூபி கல்லறைகளில் பிரதான மண்டபத்தின் கூரை வேய்வது கொலோபஸ் குரங்கைக் குலக்குறியாகக் கொண்ட ஙேயே குலத்தாரின் உரிமை. உள்ளே தெரியும் 52 வளையங்கள் புகாண்டாவின் 52 குலங்களைக் குறிக்கும். 2010 மார்ச் 16 அன்று மண்டபம் தீயில் அழிந்தது. 2023-இல்தான் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. அங்கே எந்தப் பயிற்சியும் குலப் பெரியவர்களிடம் கேட்டே தொடங்க முடியும். யார் எதைத் தொடலாம், எதைப் படம் எடுக்கலாம் என்பதை முதல் நாளுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீயணைப்புக் கருவி, மின்கம்பிச் சோதனை, தப்பும் வழி ஆகியவற்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

மாலியின் திம்புக்துவில் 2012-இல் தகர்க்கப்பட்ட 14 கல்லறை மாடங்களை 2015-க்குள் மீண்டும் எழுப்பியவர்கள் உள்ளூர்க் கொத்தர்கள். எஞ்சிய அடிச்சுவர், பழைய படங்கள், அவர்களின் நினைவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே கட்டினார்கள். உங்கள் வகுப்பில் மூத்த கொத்தர் பேசுவதையும் ஒரு ஆவணமாகப் பதிவு செய்யுங்கள்.

9. நான்காம் வாரம்: நிர்வாகம்

நிர்வாகத் திட்டம் என்றதும் நூறு பக்கம் எழுத உட்காருவார்கள். வேண்டாம். ஒவ்வொரு பயிலுநரும் தான் கொண்டுவந்த கட்டடத்துக்கு நான்கு தாள் தயாரிக்கட்டும். முதல் தாளில் இந்தக் கட்டடம் ஏன் முக்கியம், யாருக்கு. இரண்டாவதில் பாதிப்புப் படமும் அதன் காரணமும். மூன்றாவதில் உரிமையாளர், குடியிருப்பவர், வாரிசுகள், இமாம், நகராட்சி, வழிகாட்டிகள் என்று யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும். லாமுவில் ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள் இருப்பது வழக்கம். ஒருவர் கையெழுத்தை நம்பி வேலை தொடங்கினால் இன்னொருவர் வந்து நிறுத்துவார். நான்காவது தாள் பராமரிப்பு நாட்காட்டி. மாதம், வேலை, செய்பவர், செலவு என நான்கு பத்தி. 'துறை செய்யும்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு ஒரு மனிதரின் பதவியை எழுதச் சொல்லுங்கள்.

மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கையாவது முகாம் முடிந்த பிறகுக்கென்று கட்டி வையுங்கள். ஆறாம் மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, பன்னிரண்டாம் மாதம் நேரில் ஒரு வருகை. அழைக்கும்போது 'திட்டம் எப்படிப் போகிறது' என்று கேட்காதீர்கள். நன்றாகப் போகிறது என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியவை மூன்று: கடைசியாகக் கூரை ஏறி வடிகாலைத் துடைத்தது யார், எந்தத் தேதியில்? கண்ணாடித் துண்டு உடைந்ததா? மதிலில் பூசிய ஐந்து கட்டத்தின் இன்றைய படத்தை அனுப்ப முடியுமா?